தீவனத்தில் புகும் நஞ்சு பாலில் வெளியேறுகிறது

இத்தாலியின் சிசிலித் தீவின் தலைநகர் பலேர்மோ. அந்நகரின் பழைய பகுதியில், கரினி வாயிலை ஒட்டிய குறுகிய தெருக்களில் விரிந்து கிடக்கிறது கபோ சந்தை. 1980களில் இருந்து இந்நகரில் குடியேறி, இன்று பல ஆயிரம் பேராகப் பெருகியிருக்கும் இலங்கைத் தமிழர்களுக்கு இது அந்நியமான இடமல்ல. மீனும் காய்கறியும் ஆட்டிறைச்சியும் வாங்க அவர்கள் வந்துபோகும் சந்தைகளில் இதுவும் ஒன்று.

பலேர்மோ மக்களின் உணவில் விலங்கின் எந்தப் பகுதியும் வீணாவதில்லை. கன்றின் மண்ணீரலைப் பன்றிக் கொழுப்பில் வதக்கி ரொட்டிக்குள் வைத்து உண்பார்கள். ஆட்டுக்குடலைத் தெருவோரத்திலேயே தணலில் சுடுவார்கள். செம்மறியாட்டுப் பாலில் செய்த ரிக்கோட்டா என்ற பாற்கட்டி இல்லாமல் அவர்களின் இனிப்புகள் இல்லை. ஈரலும் குடலும் நெய்யும் விரும்பும் தமிழ்ச் சமையலுக்கும் இந்த உணவுமுறைக்கும் இடையே தூரம் அதிகமில்லை.

ஆனால் கொழுப்பு, ஈரல், பால் ஆகிய இம்மூன்றுக்கும் வேறொரு பொதுத்தன்மை உண்டு. கால்நடையின் உடலுக்குள் நுழையும் பூச்சிக்கொல்லி எங்கே தங்குகிறது, எங்கே உடைகிறது, எந்த வழியாக வெளியேறுகிறது என்று ஆராயும் விஞ்ஞானிகள் முதலில் பரிசோதிப்பதும் இவற்றையே.

பயிருக்கு எவ்வளவு மருந்து தெளிக்கப்பட்டது என்பதே பூச்சிக்கொல்லி பற்றிய விவாதங்களில் வழக்கமாக எழும் கேள்வி. அந்த மருந்தைக் கால்நடையின் உடல் என்ன செய்கிறது என்ற கேள்வி அரிதாகவே எழுகிறது. பால் குடிப்பவரும் இறைச்சி உண்பவரும் எந்த அளவுக்குப் பாதிக்கப்படுவார்கள் என்பதைப் பெருமளவுக்குத் தீர்மானிப்பது இந்த இரண்டாவது கேள்விதான். இத்தாலியே இதைப் பெரும் விலை கொடுத்துக் கற்றுக்கொண்டது.

உடலுக்குள் நுழையும் வழிகள்

கால்நடையின் உடலுக்குள் பூச்சிக்கொல்லி புகுவதற்கு மூன்று வழிகள் உள்ளன.

முதலாவது, வாய் வழி. மருந்து தெளித்த பயிரின் வைக்கோல், தட்டை, பிண்ணாக்கு, தவிடு ஆகியவற்றின் மூலமும், குடிக்கும் நீரின் மூலமும் அது உள்ளே செல்கிறது. மேயும் விலங்குகள் புல்லோடு சேர்த்து மண்ணையும் விழுங்குகின்றன. எனவே மருந்து தெளிப்பதை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆன பின்னரும், மண்ணில் தங்கியிருக்கும் பழைய நஞ்சு அவற்றின் வயிற்றுக்குள் போய்ச் சேரக்கூடும்.

இரண்டாவது, தோல் வழி. உண்ணி, பேன், ஈ ஆகியவற்றை ஒழிக்க மாட்டின் முதுகில் ஊற்றப்படும் மருந்தும், ஆடுகளை முக்கியெடுக்கும் தொட்டி மருந்தும் தோலின் ஊடாக ஓரளவு உள்ளே செல்கின்றன. கால்நடைகள் தம்மையும் ஒன்றையொன்றும் நக்கிக்கொள்வதால், தோலின் மீதுள்ள மருந்து வாய்க்கும் போகிறது.

மூன்றாவது, மூச்சு வழி. மூடிய தொழுவத்திலோ கோழிக் கூடத்திலோ மருந்து தெளிக்கும்போது இது நிகழ்கிறது.

உள்ளே சென்ற பின்னர் நடப்பது, அந்த மருந்தின் வேதியியல் தன்மையைப் பொறுத்தது.

உடைபடும் நஞ்சும் உடைபடாத நஞ்சும்

அசைபோடும் விலங்குகளின் முதல் இரைப்பையில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. புல்லைச் செரிக்க உதவும் இவை, சில நஞ்சுகளையும் மாற்றிவிடுகின்றன. பாரத்தியான் என்ற கடுமையான பூச்சிக்கொல்லியை மாட்டின் இரைப்பை நுண்ணுயிர்கள், நச்சுத்தன்மை குறைந்த வேறொரு பொருளாக மாற்றுவது பல பத்தாண்டுகளுக்கு முன்னரே கண்டறியப்பட்டது.

இரைப்பையைக் கடந்து இரத்தத்தில் கலப்பவை கல்லீரலை அடைகின்றன. அங்குள்ள நொதிகள் இரண்டு கட்டமாக வேலை செய்கின்றன. முதற்கட்டத்தில் மருந்தின் மூலக்கூறு உடைக்கப்படுகிறது அல்லது அதனோடு ஆக்சிஜன் சேர்க்கப்படுகிறது. இரண்டாம் கட்டத்தில், எஞ்சிய துண்டுகளோடு நீரில் எளிதில் கரையும் வேறொரு பொருள் இணைக்கப்படுகிறது. நீரில் கரையக்கூடியதாக மாறியது சிறுநீரோடு வெளியேறும். மற்றொரு பகுதி பித்தநீர் வழியாகக் குடலுக்குச் சென்று சாணத்தோடு வெளியேறும்.

மாலத்தியான் போன்ற பாஸ்பரஸ் வகை மருந்துகளும், சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் போன்ற பைரித்ராய்டு வகை மருந்துகளும் பெரும்பாலும் இவ்வாறே சில நாட்களில் உடைந்து வெளியேறுகின்றன.

ஆனால் கல்லீரலின் வேலை எப்போதும் நன்மையிலேயே முடியும் என்று சொல்ல முடியாது. மாலத்தியான் உடைவதற்கு முன்னர் அதன் ஒரு பகுதி, அதைவிட வீரியமான மாலாக்ஸானாக மாறுகிறது. ஆல்ட்ரின் என்ற பழைய பூச்சிக்கொல்லி விலங்கின் உடலில் டையெல்ட்ரினாக மாறி, நீண்ட காலம் தங்கிவிடுகிறது. இதனால்தான் ஆய்வகங்கள் தெளிக்கப்பட்ட மருந்தை மட்டும் தேடுவதில்லை. அது உடலுக்குள் என்னவாக மாறியிருக்கும் என்பதையும் சேர்த்தே தேடுகின்றன.

மூன்றாவது வகையே சிக்கலானது. டி.டி.டி., எச்.சி.எச்., டையெல்ட்ரின் போன்ற குளோரின் வகை மருந்துகளைக் கல்லீரலால் எளிதில் உடைக்க முடிவதில்லை. நீரில் கரையாத இவை கொழுப்பில் நன்றாகக் கரைகின்றன. ஆகவே சிறுநீரில் வெளியேற வழியின்றி, உடற்கொழுப்பில் போய்ச் சேர்ந்துகொள்கின்றன. அங்கிருந்து அவை கணிசமாக வெளியேறக் கறவை மாட்டுக்கு இருக்கும் முக்கியமான வழி பால். முட்டையிடும் கோழிக்கு அது மஞ்சள் கரு.

இங்கே ஒரு முரண்பாட்டைக் கவனிக்க வேண்டும். பாஸ்பரஸ் வகை மருந்தை அதிக அளவில் உட்கொண்ட மாடு உடனே வாயில் எச்சில் ஒழுக, நடுங்கி விழும். விவசாயிக்கும் மருத்துவருக்கும் ஆபத்து கண்ணெதிரே தெரியும். அது பிழைத்துக்கொண்டால் நஞ்சு சில நாட்களில் நீங்கத் தொடங்கும். குளோரின் வகை மருந்தைச் சிறிது சிறிதாக உட்கொள்ளும் மாடோ நன்றாக மேயும், கன்று ஈனும், பால் கொடுக்கும். அதன் தோற்றத்தில் எந்த மாற்றமும் இருக்காது. பாதிப்பு அந்தப் பாலைக் குடிப்பவரைச் சென்றடைகிறது.

சாக்கோ பள்ளத்தாக்கு

இத்தகைய நிலையைத்தான் 2005இல் ரோம் நகருக்குத் தென்கிழக்கே உள்ள சாக்கோ ஆற்றுப் பள்ளத்தாக்கின் மக்கள் எதிர்கொண்டார்கள்.

அங்குள்ள கொல்லெஃபெர்ரோ என்ற தொழில் நகருக்கு அருகே கறக்கப்பட்ட பசும்பாலில், பீட்டா எச்.சி.எச். என்ற பொருள் சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு மேல் இருப்பது தெரியவந்தது. அப்பகுதியில் எந்த விவசாயியும் தன் மாட்டுக்கோ வயலுக்கோ அந்த மருந்தைத் தெளித்திருக்கவில்லை.

பல ஆண்டுகளுக்கு முன்னர் அங்கு இயங்கிய ரசாயன உற்பத்தியின் கழிவுகள் நிலத்தில் புதைக்கப்பட்டிருந்தன. லிண்டேன் என்ற பூச்சிக்கொல்லியைத் தயாரிக்கும்போது மிஞ்சும் கழிவுகளும் அவற்றில் இருந்தன. மழையும் நிலத்தடி நீரும் அவற்றைக் கரைத்து ஆற்றில் சேர்த்தன. ஆற்றுநீர் பாய்ந்த கரையோர வயல்களில் தீவனப் பயிர்கள் வளர்ந்தன. மாடுகள் அவற்றைத் தின்றன.

கழிவு ஏன் இவ்வளவு பெரிய பிரச்சினையானது என்பதை அந்தப் பொருளின் தயாரிப்பு முறை விளக்குகிறது. எச்.சி.எச். தயாரிக்கப்படும்போது ஒரே அணுக்களைக் கொண்ட, ஆனால் அமைப்பில் வேறுபட்ட பல வடிவங்கள் ஒன்றாக உருவாகின்றன. அவற்றில் பூச்சியைக் கொல்லும் வலிமை காமா வடிவத்துக்கே உண்டு. அதுவே லிண்டேன். ஒரு டன் லிண்டேனைப் பிரித்தெடுத்தால், பயனற்ற மற்ற வடிவங்கள் 8 முதல் 12 டன் வரை கழிவாக எஞ்சும்.

காமா வடிவத்தை விலங்கின் கல்லீரல் ஓரளவு உடைத்துச் சிறுநீரில் அனுப்பிவிடுகிறது. பீட்டா வடிவத்தில் குளோரின் அணுக்கள் அமைந்துள்ள விதம் காரணமாக நொதிகளால் அதை எளிதில் பிடித்து உடைக்க முடிவதில்லை. பூச்சியைக் கொல்ல உதவாத அந்த வடிவமே உடலில் மிக நீண்ட காலம் தங்குகிறது. மனித உடலில் அதன் அளவு பாதியாகக் குறைய ஏறத்தாழ 7 ஆண்டுகள் பிடிக்கும் என்று ஆய்வுகள் மதிப்பிட்டுள்ளன.

இத்தாலிய அரசு 2005இல் அப்பகுதியில் அவசர நிலையைப் பிரகடனம் செய்தது. பால் அழிக்கப்பட்டது, மாடுகள் கொல்லப்பட்டன, ஆற்றங்கரை நிலங்களில் பயிரிடுவதற்கும் மேய்ச்சலுக்கும் கட்டுப்பாடுகள் விதிக்கப்பட்டன. தலைமுறைகளாகப் பால் தொழில் செய்துவந்த குடும்பங்கள் தாம் செய்யாத தவறுக்காகத் தமது மந்தைகளை இழந்தன.

பின்னர் லாட்சியோ மாநிலத்தின் சுகாதாரத் துறை ஆய்வாளர்கள் மக்களின் இரத்தத்தைப் பரிசோதித்தார்கள். ஆற்றுக்கு அருகே வாழ்ந்தவர்கள், தமது கிணற்று நீரைப் பயன்படுத்தியவர்கள், உள்ளூரில் விளைந்த உணவை உண்டவர்கள் ஆகியோரிடம் பீட்டா எச்.சி.எச். கூடுதலாகக் காணப்பட்டது.

இந்த முடிவு சிந்திக்கத்தக்கது. நகரத்துக் கடைப் பால் பல பண்ணைகளில் இருந்து வந்து கலக்கிறது. அதனால் ஒரு பண்ணையின் நஞ்சு அதில் நீர்த்துப்போகும். சொந்த மாட்டின் பாலையும் சொந்தக் கோழியின் முட்டையையும் நம்பி வாழும் குடும்பத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஒரே மண்ணின் நஞ்சை அவர்கள் ஒவ்வொரு நாளும் உண்கிறார்கள். வீட்டு உணவே தூய்மையான உணவு என்ற நம்பிக்கை, மண் தூய்மையாக இருக்கும் வரை மட்டுமே செல்லுபடியாகும்.

கோழி முட்டையில் வெளிப்பட்ட உண்மை

பழைய ரசாயனங்களோடு இந்தப் பிரச்சினை முடிந்துவிடவில்லை என்பதை 2017ஆம் ஆண்டு காட்டியது. நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் கோழிகளின் இரத்தத்தை உறிஞ்சும் சிவப்பு உண்ணிகளை ஒழிப்பதற்காகப் பண்ணைகளில் பயன்படுத்தப்பட்ட மருந்தில், ஃபிப்ரோனில் என்ற பூச்சிக்கொல்லி கலக்கப்பட்டிருந்தது. மூலிகைத் தயாரிப்பு என்று கூறி விற்கப்பட்ட பொருள் அது. உணவுக்காக வளர்க்கப்படும் விலங்குகளுக்கு ஃபிப்ரோனிலைப் பயன்படுத்த ஐரோப்பிய ஒன்றியத்தில் அனுமதி இல்லை.

கோழியின் உடல் ஃபிப்ரோனிலை வேகமாகவே மாற்றுகிறது. ஆனால் அது மாறுவது, கொழுப்பில் தங்கும் ஃபிப்ரோனில் சல்ஃபோன் என்ற பொருளாக. மருந்து நிறுத்தப்பட்ட பின்னரும் கோழிகள் வாரக்கணக்கில் எச்சம் கலந்த முட்டைகளை இட்டதற்கு இதுவே காரணம். கோடிக்கணக்கான முட்டைகள் அழிக்கப்பட்டன. இத்தாலி உட்பட 40க்கும் மேற்பட்ட நாடுகளில் அதன் தாக்கம் உணரப்பட்டது. முட்டைகளில் இருந்த அளவு பெரும்பாலும் மக்களின் உடல்நலத்துக்கு உடனடி ஆபத்தை விளைவிக்கக்கூடியதல்ல என்று அதிகாரிகள் தெரிவித்தார்கள். ஆனால் உணவுச் சங்கிலியின் மீதான நம்பிக்கை அதற்குள் குலைந்துவிட்டது.

கரிபியன் தீவுகளின் தமிழ் வம்சாவளியினர்

தமிழர்களோடு தொடர்புடைய மற்றொரு நிகழ்வு பிரான்ஸின் ஆட்சியில் உள்ள குவாதலூப், மார்ட்டினிக் தீவுகளில் நடந்தது. அங்கு 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் புதுச்சேரி, காரைக்கால் வழியாகக் கரும்புத் தோட்ட வேலைக்கு அழைத்துச் செல்லப்பட்ட தமிழர்களின் வழித்தோன்றல்கள் வாழ்கிறார்கள். மாரியம்மனுக்கு ஆடு பலியிடும் வழக்கம் அவர்களிடையே தொடர்ந்து இருந்துவந்துள்ளது.

அந்தத் தீவுகளின் வாழைத் தோட்டங்களில் 1972 முதல் 1993 வரை குளோர்டிகோன் என்ற பூச்சிக்கொல்லி பயன்படுத்தப்பட்டது. அது இன்னும் மண்ணில் இருக்கிறது. மேயும் மாடும் ஆடும் மண்ணோடு அதை விழுங்குகின்றன. மற்றக் குளோரின் மருந்துகளைப் போலன்றி, இது கொழுப்பைவிடக் கல்லீரலிலேயே அதிகமாகச் சேர்கிறது. பிரான்ஸ் சுகாதார நிறுவனங்களின் ஆய்வில், பரிசோதிக்கப்பட்ட வளர்ந்தோரில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டோரின் இரத்தத்தில் குளோர்டிகோன் காணப்பட்டது.

ஆனால் அங்கிருந்து ஒரு நல்ல பாடமும் கிடைத்துள்ளது. குளோர்டிகோனைக் கால்நடையின் உடல் மெதுவாகவேனும் வெளியேற்றுகிறது. எனவே அறுப்பதற்கு முன்னர் விலங்கைத் தூய்மையான நிலத்துக்கு மாற்றிப் போதிய காலம் வைத்திருந்தால் எச்சம் குறைகிறது. உயிருள்ள விலங்கின் இரத்தத்தைப் பரிசோதித்து, அது அறுப்பதற்கு உகந்ததா என்று முடிவு செய்யும் முறையும் அங்கு நடைமுறைக்கு வந்துள்ளது. உடல் எதை, எவ்வளவு காலத்தில் வெளியேற்றும் என்ற அறிவு இருந்தால், மந்தையை அழிக்காமலே மக்களைப் பாதுகாக்க முடியும் என்பதற்கு இது சான்று.

தமிழகமும் இலங்கையும்

இந்தியாவில் பி.எச்.சி. தூள் என்ற பெயரில் கிராமங்கள் தோறும் அறியப்பட்டிருந்தது, எல்லா வடிவங்களும் கலந்த இதே எச்.சி.எச்.தான். அதாவது, இத்தாலியில் கழிவாகப் புதைக்கப்பட்ட பீட்டா வடிவம், இந்தியாவில் மருந்தோடு சேர்த்தே வயல்களில் தூவப்பட்டது.

அதன் விளைவை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 1993ஆம் ஆண்டு அறிக்கை வெளிப்படுத்தியது. 12 மாநிலங்களில் திரட்டப்பட்ட 2205 பால் மாதிரிகளில் சுமார் 82 சதவீதத்தில் டி.டி.டி. எச்சம் இருந்தது. சுமார் 37 சதவீதத்தில் அது அனுமதிக்கப்பட்ட அளவைத் தாண்டியிருந்தது.

விவசாயத்தில் டி.டி.டி. பயன்பாட்டை 1989இலும், பி.எச்.சி.யை 1997இலும், லிண்டேனை 2013இலும் இந்தியா தடை செய்தது. எண்டோசல்ஃபானை இலங்கை 1998இலேயே தடை செய்துவிட்டது. காசர்கோடு முந்திரித் தோட்டப் பகுதி மக்களின் நீண்ட போராட்டத்துக்குப் பின்னர், 2011இல் இந்திய உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது.

உடைபடாத மருந்துகளின் இடத்தை இன்று பெரும்பாலும் உடைபடும் மருந்துகள் பிடித்துள்ளன. இது உண்மையான முன்னேற்றம். ஆனால் உடைபடும் மருந்துக்கும் காலம் தேவை. மாட்டுக்கு உண்ணி மருந்து போட்ட பின்னர், அந்த மருந்துக்கு என விதிக்கப்பட்டுள்ள நாட்கள் வரை பாலை விற்கக் கூடாது என்பதே விதி. இரண்டு மாடுகளை வைத்துக்கொண்டு, காலையும் மாலையும் கூட்டுறவுச் சங்கத்தில் பால் ஊற்றி அன்றாடச் செலவைச் சமாளிக்கும் குடும்பத்துக்கு, அந்த நாட்களின் வருமானத்தை யார் ஈடுசெய்வார்கள் என்பதற்கு விதியில் பதில் இல்லை.

வயலுக்கு வாங்கிய மருந்தையே நீரில் கலந்து மாட்டின் மேல் தெளிப்பதிலும் ஆபத்து உண்டு. கால்நடைக்கென அனுமதிக்கப்பட்ட மருந்துக்குக் காத்திருப்புக் காலம் சோதனை மூலம் வகுக்கப்பட்டிருக்கும். வயல் மருந்துக்கு அத்தகைய கணக்கு கிடையாது.

சமையலறையிலும் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. கொழுப்பில் தங்கும் எச்சம், பாலைக் காய்ச்சுவதால் நீங்கிவிடாது. ஆடையை எடுத்தால் அது ஆடையோடு போகும். வெண்ணெயிலும் நெய்யிலும் பாலில் இருந்ததைவிடச் செறிவாகும்.

எங்கே பரிசோதிப்பது?

ஐரோப்பிய ஒன்றியம் 1996ஆம் ஆண்டின் நெறியாணை மூலம், உறுப்பு நாடுகள் ஒவ்வொன்றும் விலங்கு உணவுகளில் எச்சங்களைத் தேடும் ஆண்டுத் திட்டத்தை நடத்துவதைக் கட்டாயமாக்கியது. அந்த ஏற்பாடு புதிய சட்டங்களின் கீழ் இன்றும் தொடர்கிறது. சிசிலியில் விலங்கு உணவுகளைப் பரிசோதிக்கும் அரசு நிறுவனமான விலங்கு நல ஆய்வுக் கழகம் பலேர்மோவிலேயே அமைந்துள்ளது. கபோ சந்தையின் இறைச்சிக் கடைக்கும் பாற்கட்டிக் கடைக்கும் பின்னால், வாங்குபவரின் கண்ணில் படாத இத்தகையதொரு கண்காணிப்பு இருக்கிறது.

எனினும் சாக்கோ பள்ளத்தாக்கில் பாலில் நஞ்சு கண்டுபிடிக்கப்பட்டபோது, அதை மக்கள் எத்தனை ஆண்டுகளாகக் குடித்திருந்தார்கள் என்ற கேள்வி எஞ்சியது. பாலைப் பரிசோதிப்பது அவசியம்தான். ஆனால் பாலில் எச்சம் தெரியும்போது, மாட்டின் உடற்கொழுப்பில் அது ஏற்கனவே சேர்ந்துவிட்டது என்று பொருள். அதை வேகமாக வெளியேற்றுவதற்கு எளிதான மருந்து எதுவும் கிடையாது. நஞ்சற்ற தீவனம் கொடுத்து, வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ கறந்த பாலைக் கொட்டிக்கொண்டே காத்திருக்க வேண்டும்.

ஆகவே உடலால் உடைக்க முடிந்த மருந்துகளைப் பொறுத்தவரை, காத்திருப்புக் காலத்தை விவசாயி கடைப்பிடிக்க உதவுவதும், அதனால் அவர் இழக்கும் வருமானத்துக்கு வழி காண்பதும் போதுமானதாக இருக்கலாம். உடைக்க முடியாதவற்றைப் பொறுத்தவரை, அவை மாட்டின் வாயை அடையும் முன்னரே தடுப்பது ஒன்றே பாதுகாப்பு. அதற்கு மண்ணையும் ஆற்றுநீரையும் தீவனத்தையும், குறிப்பாகப் பழைய ரசாயன ஆலைகளின் சுற்றுப்புறங்களில், தொடர்ந்து பரிசோதிக்க வேண்டும்.

லிண்டேனும் ஆல்ஃபா, பீட்டா எச்.சி.எச். வடிவங்களும் 2009இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் கீழ் உலக அளவில் கட்டுப்படுத்தப்பட்டன. புதிய உற்பத்தியை இதன் மூலம் நிறுத்த முடியும். ஏற்கனவே மண்ணில் புதைக்கப்பட்டவை எங்கெங்கே உள்ளன என்பதைக் கண்டறிந்து அகற்றும் பொறுப்பு அந்தந்த நாடுகளைச் சார்ந்தது. அந்த வேலை முடியும் வரை, அத்தகைய நிலங்களில் மேயும் கால்நடைகள் மனிதர்கள் மறந்துவிட்ட நஞ்சைப் புல்லோடும் மண்ணோடும் சேர்த்து உட்கொண்டுகொண்டே இருக்கும்.